சலேத் சாத்தும் ஜன்னல்

மார்ச் 6, திருநீற்றுப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு நேராக வந்து என் மீன் பொரிப்புக் கடையைத் திறந்தேன். தவக்காலம் தொடங்கிவிட்டால் என் எண்ணெய்ச் சட்டிக்கு ஓய்வு கிடையாது. கறி தின்னக் கூடாத நாளில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மீன் இரண்டு பங்கு வேண்டும். இதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். ஆண்டவர் சிரித்துக்கொள்வார்.

மடத்தில் கன்னியர் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இந்த எழுத்து. ஒவ்வொரு நாளையும் எழுதி, எங்கே தவறினோம் என்று பார்க்க வேண்டும் என்பார் மதர். அப்பாவைக் கடல் கொண்டுபோனதும் தம்பி கஸ்பாரை வளர்க்க மடத்தை விட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகும் எழுதுவது நிற்கவில்லை. என்ன, அப்போது என் தவறுகளை எழுதினேன், இப்போது மற்றவர்களுடையதை எழுதுகிறேன்.

இன்றைக்கு சலேத். கஸ்பாரின் பெண்டாட்டி. வத்தலக்குண்டுப் பக்கத்துப் பெண். முன்வீட்டில் நான், பின்வீட்டில் அவர்கள், நடுவில் ஒரு முற்றம். முன்வீட்டை ஒட்டி இறக்கிய என் கடைச் சாய்ப்பில் அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய் காய்ந்ததுமே பின்வீட்டு ஜன்னல் டப்பென்று சாத்தும் சத்தம் கேட்கும். கிறிஸ்மஸுக்குப் பிறகு இது ஒரு நாளும் தப்பவில்லை. மீன்பிடிக்கிறவனைக் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு மீன் வாசம் ஆகவில்லை. எங்கே போய்ச் சொல்ல?

மார்ச் 8, வெள்ளி

முதல் வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்து கூட்டம் அப்படியே கடைக்கு வந்தது. விளமீன், பாறை, நெத்திலி எல்லாம் தீர்ந்து சாளையும் தீர்ந்தது.

சலேத்தின் மகள் ஜோவிட்டா இருமிக்கொண்டிருக்கிறாள். நான்கு வயதுப் பிள்ளைக்கு இத்தனை இருமல் கூடாது. முற்றத்தில் நின்று கூப்பிட்டேன்.

“ஏட்டி சலேத், நண்டு ரசம் வச்சுத் தாரேன், பிள்ளைக்குக் குடு. சளியெல்லாம் அறுத்துக்கிட்டுப் போயிரும்.”

“வேணாம் மதினி. கசாயம் குடுத்திருக்கேன்.”

இங்கே எல்லோரும் மைனி என்று கூப்பிடுவார்கள். அவள் மட்டும் மதினி என்பாள், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. பிள்ளை பிறந்ததிலிருந்து அதன் வாயில் ஒரு துண்டு மீன் வைத்ததில்லை இவள். கேட்டால் “துப்பிருவா மதினி.” கொடுத்தால்தானே துப்புவதற்கு!

சாயங்காலம் நான் சட்டியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். எங்கே என்றால், “கடக்கரைக்கு மதினி. காத்தாட இருந்துட்டு வர்றோம்.” இருமுகிற பிள்ளையைக் கடல் காற்றில் கொண்டுபோய் வைக்கிற அம்மாவை இங்கேதான் பார்க்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

இன்றும் ஜன்னல். பிள்ளை என் பக்கம் வரவில்லை.

மார்ச் 15, வெள்ளி

கஸ்பாரும் மாறிவிட்டான். முன்பெல்லாம் தூத்துக்குடியில் படகை விட்டு இறங்கி வந்ததும் வலை நாற்றத்தோடு அப்படியே என் அடுப்புப் பக்கம் குந்துவான். மொறுமொறுவென்று ஒரு வால் துண்டு எடுத்துப் போடுவேன். ஊதி ஊதித் தின்பான். இப்போது துறைமுகத்திலேயே குளித்து, தலை வாரி, சோப்பு மணக்க வருகிறான். கடலுக்குப் போட்ட சட்டையை வீட்டுக்கே கொண்டுவருவதில்லை. வலைக்கூடத்தில் வைத்துவிடுகிறானாம்.

“என்னல, புதுமாப்பிள்ள மாதிரி வாற?”

“சும்மாத்தான் யக்கா. குளிச்சா அலுப்புத் தெரியல.”

“மீனு எடுத்து வைக்கட்டா?”

“வயிறு சரியில்லக்கா.”

எட்டி நின்றே பேசிவிட்டுப் போனான். அப்பன் தொழிலையும் அக்காள் சட்டியையும் அவனுக்குக் கூச்சமாக்கிவிட்டாள். சத்தமே போடாமல் ஒரு மனுஷனை இப்படி மாற்ற முடியுமா? அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மார்ச் 19, செவ்வாய், சூசையப்பர் திருநாள்

கடை இல்லை. முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். ஜோவிட்டா தானாக வந்தாள். முற்றத்தின் நடுவில் செங்கல் பதித்த வரி ஒன்று உண்டு. அதில் வந்து நின்றுகொண்டாள்.

“வா மக்ளே, அத்தைட்ட வா.”

“இதுக்கு மேல போகக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.”

“யாரு வீட்டுக்கு யாரு வரக் கூடாது? வாட்டி.”

வந்துவிட்டாள். கன்னம் இரண்டும் பன் மாதிரி. ஒரு கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தேன். அதற்குள் சலேத் வந்து, சிரித்த முகத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். போகிற போக்கில் ஈரத்துண்டால் அந்தக் கன்னத்தைத் துடைத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

“வேர்வை மதினி.”

வெயில்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு கன்னம் மட்டுமா வேர்க்கும்?

அழுதேன் என்று எழுத மாட்டேன். அழவும் இல்லை.

மார்ச் 23, சனி

நேற்று எழுத முடியவில்லை. மதியத்துக்குப் பிறகு முழுக்க ஆஸ்பத்திரி.

எல்.கே.ஜி. டீச்சரின் தகப்பனார் இறந்துபோனதால் பிள்ளைகளை மதியமே அனுப்பிவிட்டார்கள். வேன்காரர் ஜோவிட்டாவை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சலேத் தூத்துக்குடிக்குப் போயிருந்தாள். எதற்கென்று சொல்லவில்லை. கஸ்பார் கடலில். ஆக, பிள்ளை எனக்கு.

சந்தோஷப்பட்டேன். அதை எழுதத்தான் வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். இரண்டு பிஸ்கட் கொடுத்தேன். மீன் எதுவும் கொடுக்கவில்லை. அவள் அம்மா வந்து சண்டைக்கு நிற்பாள் என்பதால் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம். சாளையை ஈடு ஈடாகப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தேன். கடல் காற்று உள்ளே அடித்தது. சட்டியின் ஆவி முழுக்க அவள் பக்கம் போனது. அவள் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் கேட்டாள். நான் சொல்ல, திரும்பச் சொன்னாள். அதற்குப் பிறகு இருமல்.

“அத்தை, நெஞ்சுக்குள்ள பூனை கத்துது.”

சிரித்தேன். ஒரு ஈடு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பார்த்தால், இமை இரண்டும் வீங்கியிருக்கின்றன. உதடு தடித்துவிட்டது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. மூச்சை இழுக்கும்போது தோள் ஏறுகிறது, தொண்டைக்குழி உள்ளே போகிறது. கூப்பிட்டால் பதில் சொல்ல மூச்சு இல்லை.

யார் ஆட்டோவை நிறுத்தினார்கள், அடுப்பை யார் அணைத்தார்கள், தெரியாது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். பார்த்த உடனேயே தொடையில் ஊசி போட்டார்கள். முகத்தில் மாஸ்க் வைத்து மருந்து ஆவி பிடிக்க வைத்தார்கள். மூச்சு மெல்ல இறங்கியது. அந்த மூச்சு இறங்குகிறவரை நான் ஜெபம்கூடச் சொல்லவில்லை. 

டாக்டர் கேட்டார்: “உங்க மேலெல்லாம் மீன் வாசமா இருக்கு, பிள்ளைக்கு மீன் அலர்ஜி உண்டாம்மா? பழைய சீட்டு எதுவும் இருக்கா?”

“பிஸ்கட் மட்டும்தான் குடுத்தேன் சார். மீனு வாயிலயே வைக்கல.”

யாரோ போனில் சொல்லி, சலேத் ஓடி வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. நர்ஸிடம் கேட்டாள்: “ஊசி போட்டாச்சா சிஸ்டர்? தொடையிலயா? எத்தன மணிக்கு?” அதற்குப் பிறகு பிள்ளையின் முதுகில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். எழுந்து என்னிடம் வந்தாள். நான் மசாலாக் கையோடு, எண்ணெய்ப் புடவையோடு சுவர் ஓரமாக நின்றேன். திட்டப் போகிறாள், வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று நின்றேன்.

“மதினி, இவ்வளவு சீக்கிரம் கொண்டாந்து சேத்தீங்களே. காலையிலருந்து சாப்ட்டீங்களா இல்லையா?”

ஆஸ்பத்திரி கேன்டீனில் எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளையிடம் போய் உட்கார்ந்தாள்.

மார்ச் 25, திங்கள்

பிள்ளையைத் தூத்துக்குடியில் டாக்டர் நிலோஃபரிடம் காட்டினார்கள். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. போனேன்.

அந்த டாக்டரம்மா காயல்பட்டினத்துக்காரர். மெதுவாகப் பேசுகிறார். “மீன் வேகும்போதும் பொரியும்போதும் அந்த ஆவியிலேயே மீனோட புரதம் கலந்து வரும்மா. தின்னாத்தான் ஆகாதுன்னு இல்ல, மூச்சுல போனாலும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது. ஏற்கெனவே வீசிங் இருக்குறதால சீக்கிரம் மூச்சுக்குழாய் சுருங்கிருது. காத்தோட்டமான இடத்துல, பச்சை மீன் எட்டி இருந்தா அவ்வளவு பயமில்ல. சமைக்கிற ஆவிதான் ஆபத்து. ரத்தப் பரிசோதனையும் அதத்தான் சொல்லுது.”

அந்த முடிவை வாங்கத்தான் வெள்ளிக்கிழமை சலேத் வந்திருக்கிறாள்.

திரும்பி வரும் பேருந்தில் பிள்ளை அவள் மடியில் தூங்கியது. கேட்டேன்.

“எப்பத்துலருந்து தெரியும் ஒனக்கு?”

“சின்னதுலயே சந்தேகம் மதினி. ஒருக்க கொழம்பு பட்ட விரலச் சூப்பி வாயெல்லாம் தடிச்சுப் போச்சு. அதுலருந்து குடுக்குறதில்ல. கிறிஸ்மஸுக்கு நீங்க தெருவுக்கே பொரிச்சீங்களே, அன்னிக்கு முழுக்க வீசிங். அப்பத்தான் ஆவிக்கே ஆகலன்னு புரிஞ்சுச்சு.”

“கஸ்பாருக்கும் தெரியும்.”

“தெரியும்.”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

வெளியே உப்பளம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிள்ளையின் தலையை மடியில் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

“எப்படிச் சொல்றது மதினி? அவரு படிச்சது, வளந்தது, எங்க கல்யாணம், எல்லாம் அந்தச் சட்டியிலருந்து வந்துச்சு. ஒங்க அடுப்பு எம்பிள்ளைக்கு ஆகலன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? டெஸ்ட்டு எடுத்து, டாக்டர் வாயால உறுதியாகட்டும், அப்பறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு இருந்தோம். அதுவரைக்கும் ஜன்னல சாத்துனேன். கடக்கரைக்குத் தூக்கிட்டுப் போனேன். திமிரு பிடிச்சவன்னு நீங்க நெனச்சாலும் பரவால்ல, மனசு நொந்துறக் கூடாதுன்னு.”

திமிர் என்ற வார்த்தையை நான் இந்த நோட்டில் எழுதவில்லை. திருப்பிப் பார்த்தேன். எழுதவில்லை. எழுதாமல் விட்டதால் மட்டும் ஆகிவிட்டதா?

மார்ச் 26, செவ்வாய்

கடை திறக்கவில்லை. சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தேன்.

மார்ச் 28, வியாழன்

கஸ்பார் வந்து, செங்கல் வரியில் நின்று சொன்னான்: “யக்கா, நாங்க வத்தலக்குண்டுக்குப் போயிரலாம்னு பாக்கோம். அங்க பூ மார்க்கெட்டுல லோடு வண்டி ஓட்டலாம். நீ கடையத் தொற.”

“நீ கடல விட்டுட்டுப் பூ வண்டி ஓட்டவால நான் ஒன்ன வளத்தேன்? நான் கடைய மூடிட்டேன். இட்லி அவிச்சு விக்கேன். போ.”

இரண்டு பேரும் சத்தம் போட்டோம். சலேத் உள்ளேயிருந்து வந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. ஆனால் நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடினோம்.

“அவரு கடல விடக் கூடாது. நீங்க கடைய மூடக் கூடாது. எம்பிள்ள மூச்சு விடணும். மூணும் வேணும் எனக்கு.”

“அது எப்படிட்டி முடியும்?”

“கடக்கரையில நான் சும்மா உக்காந்திருக்கல மதினி. காத்து எங்கருந்து எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஏலக்கூடத்துக்கு அந்தாண்ட பழைய ஐஸ் ஷெட்டு ஒண்ணு சும்மா கெடக்குதுல்ல. அங்கருந்து கெளம்புற காத்து எந்த மாசமும் நம்ம தெருப் பக்கம் வராது. மீன்காரங்கட்டயும் கேட்டுட்டேன்.”

கடல் இல்லாத ஊரில் பிறந்தவள். காற்றைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 31, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ஊர்க்கமிட்டி. ஷெட் ஊருக்குச் சொந்தம். தலைவர் தொபியாஸ் அண்ணன் முன்னால் நானும் சலேத்தும் நின்றோம். பேச வேண்டியது நான் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாயைத் திறக்கும் முன் ஒருவர் சிரித்தார்.

“மீன் வாசம் ஆகாத பிள்ளைக்கு மீன்காரத் தெருவுல என்ன வேல? இத்தன வருசமா நம்ம பிள்ளைகளெல்லாம் செத்தா போச்சு?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னால் நானே இதைத்தான் கேட்டிருப்பேன்.

சலேத் கோபப்படவில்லை. பையிலிருந்து ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராக்களை எடுத்தாள். ஆளுக்கொன்று கொடுத்தாள்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இத வாயில வச்சு, மூக்கப் பொத்திக்கிட்டு, இது வழியா மட்டும் மூச்சு விடுங்க. அப்படியே எந்திரிச்சு இந்த ஹாலுக்குள்ள ஒரு சுத்து நடங்க.”

விளையாட்டு மாதிரி ஆரம்பித்தார்கள். தொபியாஸ் அண்ணன் பெரிய ஆள், ஒரு காலத்தில் மூச்சடக்கி முத்துக் குளித்த குடும்பம். பாதிச் சுற்றில் முகம் சிவந்து, ஸ்ட்ராவைத் துப்பிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எம்பிள்ளைக்கு நீங்க துப்புற மாதிரித் துப்ப முடியாதுண்ணே” என்றாள் சலேத். “நாலு வயசு. அவளுக்கு அந்த ஸ்ட்ரா உள்ளயே இருக்கு.”

 தொபியாஸ் அண்ணன் தண்ணீர் குடித்தார். “சாவிய குடுங்கப்பா” என்றார், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் பார்த்தேன், மிச்சமிருந்த ஸ்ட்ராக்களை அவள் கசக்கிப் பிழிந்திருந்தாள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 4, வியாழன்

டாக்டரம்மா இரண்டு குப்பி அட்ரினலினும் சிரிஞ்சும் கொடுத்து, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று சிரிஞ்சில் கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார். பிள்ளைக்கு மறுபடி அப்படி வந்தால் ஆஸ்பத்திரி போகும்வரை காத்திருக்கக் கூடாது. அம்மாவே தொடையில் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

சலேத்துக்கு ஊசி என்றால் ஆகாது. கர்ப்பமாக இருந்தபோது தடுப்பூசிக்குப் போய் மயங்கி விழுந்தவள். அந்த சலேத், பழகிப் பார்க்கத் தனியாகக் கொடுத்த வெறும் தண்ணீர்க் குப்பிகளையும் சாத்துக்குடிப் பழங்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல் குப்பியின் கழுத்தை உடைக்கும்போது விரலை அறுத்துக்கொண்டாள். துணி சுற்றிக்கொண்டு அடுத்ததை எடுத்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. இந்தத் தடவை நிஜமான வேர்வை.

“எனக்கும் சொல்லிக் குடு” என்றேன்.

“பயமா இருக்காதா மதினி?”

“மீன் முள்ளுல இந்தக் கை எத்தன ஊசி வாங்கியிருக்கும். காட்டு.”

சாத்துக்குடி பாழாய்ப் போனது. இரண்டு பேரும் சிரித்தோம். ஜோவிட்டா பழத்துக்குக் காய்ச்சலா என்று கேட்டாள்.

ஏப்ரல் 10, புதன்

புதுக் கடையில் முதல் நாள். கூட்டம் குறைவு. ஏலக்கூடத்துக்கு வருகிறவர்கள் மட்டும். ஷெட்டின் பின்னால் குழாய் இருக்கிறது. கடை முடிந்ததும் தலைக்குக் குளித்து, புடவை மாற்றி, பழைய புடவையை அங்கேயே போட்டுப் பூட்டிவிட்டு வந்தேன். புதுப்பொண்ணு மாதிரி வாறியே அக்கா என்று கஸ்பார் கேட்டான். 

பிள்ளை ஓடி வந்து என் மடியில் முகத்தை அழுத்திக்கொண்டாள். இந்தப் பக்கம் கன்னம், அந்தப் பக்கம் கன்னம் என்று மாற்றி மாற்றி. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 13, சனி

சலேத் தெருவில் வீடு வீடாகப் போகிறாள். வந்ததிலிருந்து யார் வீட்டுப் படியும் மிதிக்காதவள். “எம்பிள்ளைக்கு நீங்க ஆசையா எது குடுத்தாலும் என்னையக் கேட்டுட்டுக் குடுங்க. கோச்சுக்காதீங்க” என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்கிறாள். சிலர் முகத்தைத் திருப்புகிறார்கள். மறுநாளும் போகிறாள்.

ஏப்ரல் 22, திங்கள்

நேற்று ஈஸ்டர். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிந்து பூசை முடிந்து தெருவே சந்தோஷமாக இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கஸ்பாரும் வீட்டில். பக்கத்துத் தெருவில் விருந்துக்கு வந்திருந்த ஒரு பெண், விவரம் தெரியாமல், ஜோவிட்டா கையில் வாழைக்காய் பஜ்ஜி ஒன்றைக் கொடுத்துவிட்டாள். வாழைக்காய்தானே. ஆனால் அதற்கு முன்னால் அந்த எண்ணெயில் மீன் பொரித்திருக்கிறார்கள்.

பிள்ளை ஓடி வந்தது. “அம்மா, நாக்கு கடிக்குது” என்றது. வாந்தி எடுத்தது. அதற்குள் கன்னம் தடித்து, குரல் கம்மிவிட்டது.

கஸ்பார் பாவம். புயலில் படகைத் திருப்பிக் கொண்டுவந்தவன், பிள்ளையின் பெயரையே சொல்லிச் சொல்லி நின்ற இடத்தில் நின்றான்.  தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், மோர் குடு, விரலை விட்டு வாந்தி எடுக்க வை, உப்பைக் கரைத்துக் குடு.

சலேத் தரையில் உட்கார்ந்து பிள்ளையைச் சாய்த்துக்கொண்டாள். “மதினி, பை” என்றாள். எடுத்துக் கொடுத்தேன். குப்பியின் கழுத்தை ஒரே தடவையில் உடைத்தாள். கோடு வரைக்கும் இழுத்தாள். “ஜோவி, சுருக்குன்னு இருக்கும், அம்மா இருக்கேன்” என்றாள். கவுனை விலக்கி, தொடையின் வெளிப்பக்கத்தில் நேராகக் குத்தி அழுத்தினாள். கை நடுங்கவில்லை. எங்கள் ஊரில் பெரிய பெரிய மாலுமிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையைப் போல ஒரு கையை நான் பார்த்ததில்லை.

“இப்ப வண்டி” என்றாள்.

தெரு இரண்டாக விலகி வழி விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிள்ளைக்குக் குரல் திரும்பிவிட்டது. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு இன்று அனுப்பினார்கள். சரியான நேரத்தில் போட்டீர்கள் என்று டாக்டர் சொன்னார். பிள்ளையை அட்மிட் செய்து, படுக்கையில் தூங்க வைத்த பிறகுதான் சலேத் வராந்தாவுக்கு வந்து, என் தோளில் சாய்ந்து, உடம்பு குலுங்க அழுதாள். என் புதுச்சேலை நனைந்தது. நனையட்டும்.

பஜ்ஜி கொடுத்த பெண் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டு நின்றாள். சலேத் அவள் கையைப் பிடித்து, “தெரியாமத்தான செஞ்சீங்க. இனி தெரியும்ல” என்றாள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த அதே மன்னிப்பு.

மே 12, ஞாயிறு

இப்போது தெருவில் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கிறார்கள், ஜோவிக்குக் கொடுக்கும் முன் அவள் அம்மாவைக் கேள் என்று. எதிர்வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது எங்கள் பக்கக் கதவை அவர்களே சாத்துகிறார்கள். காலையும் சாயங்காலமும் குழாய் வைத்து மூச்சுமருந்து பஃப் எடுக்கிறாள் பிள்ளை. இருமல் குறைந்திருக்கிறது. நேற்று முற்றத்தில் பாண்டி விளையாடினாள். மூச்சு வாங்கவில்லை.

சலேத்தைப் பற்றி இந்த நோட்டில் தொடக்கத்தில் எழுதியிருப்பதைக் கிழித்துவிடலாமா என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. மதர் சொன்ன வேலைக்கு இப்போதுதான் இது உதவியிருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

சலேத்தின் அப்பாவுக்கு நெஞ்சுவலி. மதுரையில் சேர்த்திருக்கிறார்கள். அதிகாலையில் போன் வந்தது. தடைக்காலம் முடிந்து கஸ்பார் நேற்றுத்தான் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கினான். இன்றும் போன் வரும் முன்பே கிளம்பிவிட்டான். யு.கே.ஜி. தொடங்கிவிட்டது. வீசிங் பிள்ளையை ஆஸ்பத்திரி வார்டில் கொண்டுபோய் வைக்கவும் முடியாது.

“போய்ட்டு வா. நான் கடை திறக்கல. பிள்ள எங்கூட இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. அவள் வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் பையை எடுத்து என் தோளில் மாட்டினாள். குப்பி, சிரிஞ்சு, பஃப், குழாய். 

மூன்று பேரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். பேருந்து வந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒருக்க எல்லாத்தையும் சொல்லிட்டுப் போட்டி. எதையாவது மறந்துருவேன்.”

“ஒங்களுக்குத் தெரியும் மதினி.”

பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள். ஏறினாள். பிள்ளை கையை ஆட்டிக்கொண்டே நின்றது. பெற்ற பிள்ளையை முதல் தடவையாக விட்டுவிட்டுப் போகிறவள், என்னதான் இருந்தாலும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள், அப்போது நான் தைரியமாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தயாராக நின்றேன்.

பேருந்து உப்பளத்து வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.